எந்தப் பனிக்கு எந்த ஸ்கீ? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மார்கழி நெருங்கினால் பனிச்சறுக்குக்காகக் காஷ்மீரின் குல்மார்க் போகிறவர்களின் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் எழுதியவையும் சேர்ந்துகொண்டன. பலரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஒரே மலையில் இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த பாதையும் இருக்கிறது, மேடுபள்ளமும் இருக்கிறது, மரங்களுக்கு நடுவே புதுப்பனியும் கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்கீ, அதாவது காலில் மாட்டிப் பனியில் சறுக்கும் பலகை, போதுமா? ஆல்-மவுண்டன் என்ற பெயரில் கடைகளில் இருப்பவை இதற்காக வந்தவைதான். ஆனால் அந்த ஒரே பெயருக்குள் 80 மி.மீ. அகலமும் அடங்குகிறது, 105 மி.மீ. அகலமும் அடங்குகிறது. வாங்குகிறவர் ஏமாறுவது அங்கேதான்.

கேள்வி: என் மகன் டென்வரில் வேலை பார்க்கிறான். நாலு சீசனாக வாடகை ஸ்கீயில் பழகிவிட்டு, இப்போது சொந்தமாக வாங்க நினைக்கிறான். உயரம் 172 செ.மீ., எடை 68 கிலோ. பிலிஸார்ட் பிரம்மா 88, ஈலான் ரிப்ஸ்டிக் 96 இரண்டில் எது என்று முடிவெடுக்க முடியவில்லை என்கிறான். சமன்செய்த பாதையில் வேகமாக இறங்குவது பிடிக்குமாம். புதுப்பனி விழுந்தால் நண்பர்களோடு மரங்களுக்குள்ளும் போவானாம். பிறந்தநாளுக்குப் பணம் அனுப்பலாம் என்றிருக்கிறேன். எதை வாங்கச் சொல்வது?
— வாசகர், திருநகர், மதுரை

பதில்: பிரம்மா 88, 171 செ.மீ. நீளத்தில். காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். மகனோடு பேசும்போது உங்களுக்கு உதவும்.

பெயரில் இருக்கும் 88, 96 என்பவை ஸ்கீயின் நடு அகலம், மில்லிமீட்டர் கணக்கில். கடைக்காரர்கள் வெயிஸ்ட் என்பார்கள். பூட் நிற்பது அந்த இடத்தில்தான். ஸ்கீயைச் சாய்த்தால்தான் அதன் எஃகு விளிம்பு பனியில் இறங்கும், அப்போதுதான் திரும்ப முடியும். 88 அகலத்தில் அந்த விளிம்பு பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து 44 மி.மீ. தள்ளி இருக்கிறது, 96-ல் 48 மி.மீ. நாலு மி.மீ. தானே என்று தோன்றும். கெட்டிப்பனியில் தரை நம்மை எதிர்த்துத் தள்ளுவது அந்த விளிம்பில்தான். விளிம்பு எவ்வளவு வெளியே போகிறதோ, அவ்வளவுக்கு ஸ்கீயை மறுபடி தட்டையாகப் படுக்கவைக்கப் பார்க்கும். அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியவை கணுக்காலும் முழங்காலும். ஒரு திருப்பத்தில் இது தெரியாது. காலையிலிருந்து நூற்றுக்கணக்கான திருப்பங்கள் போட்ட பிறகு, பிற்பகலில் முழங்காலின் உள்பக்கம் சொல்லும். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறுவதும் அகலமான ஸ்கீயில் ஒரு கணம் தாமதமாகத்தான் நடக்கும்.

பொடிப்பனியில் நிலைமை தலைகீழ். அங்கே கெட்டியான தரையே இல்லை, பரப்புதான் மிதக்கவைக்கிறது. அகலம் கூடினால் முன்முனை மேலே நிற்கும், தொடை பிழைக்கும். ரிப்ஸ்டிக் 96 அந்த வேலைக்கு நல்ல ஸ்கீ, அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் மகனுக்கு அந்தப் பனி எத்தனை நாள் கிடைக்கும்? டென்வர் இருக்கும் கொலராடோ மாநிலத்தின் பனி உலர்ந்தது, இலேசானது என்று பெயர் பெற்றது உண்மைதான். ஆனாலும் சீசன் தொடங்கும் நவம்பர், டிசம்பரில் பெரும்பாலும் செயற்கைப் பனி போட்ட கெட்டியான பாதைகள்தான் திறந்திருக்கும். வேலைக்குப் போகிறவர் சனி, ஞாயிறில்தான் மலைக்குப் போக முடியும். டென்வர்க்காரர்கள் எல்லோரும் அதே ஐ-70 நெடுஞ்சாலையில்தான் கிளம்புகிறார்கள். வியாழக்கிழமை விழுந்த பனி சனிக்கிழமை வரை யாரும் தொடாமல் காத்திருக்காது. புதுப்பனி விழுந்த நாளில்கூடக் காலை பத்து, பதினொரு மணிக்குள் எல்லாம் உழுதுபோட்டதுபோல் ஆகிவிடும். அடிக்கடி கிடைக்கும் பனிக்கு வாங்க வேண்டும், எப்போதாவது கிடைக்கும் பனிக்கு வாடகைக்கு எடுக்க வேண்டும். பிரெக்கன்ரிட்ஜ், வின்டர் பார்க் போன்ற இடங்களில் லிஃப்ட் பக்கத்திலேயே டெமோ ஸ்கீ வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன. பெரும்பனி விழுந்த அன்று 100 மி.மீ.க்கு மேல் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது உள்ளே இருக்கும் சரக்கு. பிரம்மாவில் மரக்கட்டையோடு டைட்டானல் தகடுகள் இருக்கின்றன. பெயரைப் பார்த்து டைட்டானியம் என்று நினைக்க வேண்டாம், அது அலுமினியக் கலவை. தகடு இருந்தால் ஸ்கீ முறுக்கிக்கொள்ளாது, வேகத்தில் முனை படபடக்காது, கரடான பனியில் அதிர்வு காலுக்கு வராது. ரிப்ஸ்டிக்கில் உலோகத் தகடு கிடையாது. மரக்கட்டையோடு கார்பன் குழாய்கள் வைத்திருக்கிறார்கள், அதனால் இலேசு. இடது கால், வலது கால் என்று தனித்தனி ஸ்கீயும் உண்டு. உள்விளிம்பில் கேம்பர் (தரையில் வைத்தால் நடுப்பகுதி மேலெழும்பி நிற்கும் வளைவு) அதிகம், வெளிவிளிம்பில் ராக்கர் (முனை தரையைவிட்டு மேலே தூக்கி நிற்கும் வளைவு) அதிகம். இடம் மாற்றிப் போட்டுக்கொண்டால் பிடிமானம் குறையும். மெதுவாகப் போகும்போதும், மேடுகளிலும், மரங்களுக்கு நடுவே சட்டென்று திருப்பும்போதும் இலேசான ஸ்கீ சொன்னபடி கேட்கும். வேகம் கூடி, பனியும் இறுகினால் முனை துடிக்க ஆரம்பிக்கும்.

உலோகம் எல்லோருக்கும் ஏற்றதில்லை. தகடு வைத்த ஸ்கீயை வளைக்க ஆளின் எடையும் வேண்டும், வேகமும் வேண்டும். இரண்டும் இல்லாதவர் காலில் அது வளையாமல் பலகையாகவே நிற்கும். திருப்பத்தில் பின்முனையை வெளியே தள்ளித் தள்ளித்தான் திரும்ப வேண்டிவரும். சாயங்காலம் ஆடுதசை கல்லாகிவிடும். உங்கள் மகன் 55 கிலோவாக இருந்தாலோ, வேகத்துக்குத் தயங்குகிறவராக இருந்தாலோ எங்கள் பதிலே மாறியிருக்கும். அப்போது இரண்டையும் விட்டுவிட்டு, ஈலானிலேயே 88 அகலத்தில் இருக்கும் ரிப்ஸ்டிக் 88-ஐப் பார்க்கச் சொல்லியிருப்போம்.

நீளத்தைப் பற்றி. பிரம்மாவில் 165, 171, 177 என்று போகும். 171 என்பது ஏறத்தாழ அவர் உச்சந்தலை உயரம். முன்முனையில் ராக்கர் இருப்பதால் கெட்டிப்பனியில் முழு நீளமும் தரையைத் தொடாது, அதனால் கையாள்வதில் அவ்வளவு நீளமாகத் தெரியாது. 177 மரங்களுக்கு நடுவே இடைஞ்சல் தரும். 165 வேகத்தில் நிலைகொள்ளாது. கடையில் நிறுத்தி உயரம் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். சில நிறுவனங்கள் வளைவையொட்டி அளந்த நீளத்தைப் போடுகின்றன, சில நேராக அளந்ததைப் போடுகின்றன. ஒரே எண் போட்ட இரண்டு ஸ்கீகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒன்றிரண்டு செ.மீ. வித்தியாசம் இருக்கலாம்.

2024–25 சீசனிலிருந்து பிலிஸார்ட் பிரம்மா வரிசையை நிறுத்திவிட்டு அனாமலி என்ற வரிசையைக் கொண்டுவந்துவிட்டது. மீதமிருக்கும் பிரம்மா தள்ளுபடியில் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். அனாமலி 88-ம் இதே வேலைக்கானதுதான்.

ஒரே ஒரு நிபந்தனை. அவர் இன்னும் வாடகை பூட் போடுகிறவர் என்றால், உங்கள் பணம் முதலில் பூட்டுக்குப் போகட்டும். கீழே மேலூர் வாசகருக்கு எழுதிய பதிலையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்கீயின் மேல் 127-88-111, R16 என்றெல்லாம் போட்டிருக்கிறதே, என்ன கணக்கு?
— வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: முதல் மூன்றும் மி.மீ. கணக்கில் அகலம்: முன்முனை, நடு, பின்முனை. இரு முனையும் அகன்று நடு ஒடுங்கி இருப்பதால் பக்கவாட்டில் ஒரு வளைவு கிடைக்கிறது. அந்த வளைவை அப்படியே நீட்டி வட்டமாக்கினால் அதன் ஆரம் 16 மீட்டர் என்பதுதான் R16. ஆரம் குறைந்தால் சின்னத் திருப்பம், கூடினால் நீண்ட திருப்பம். கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் பந்தய வகை 12, 13 மீட்டரில் இருக்கும். கலவையான பாதைகளுக்கு 15 முதல் 18 வரை வசதி. ஒரே மாடலில் நீளம் கூடக் கூட ஆரமும் கூடும். ஆகவே இணையத்தில் பார்க்கும் எண் எந்த நீளத்துக்கானது என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று முறை குல்மார்க் போய்விட்டேன். இப்போது இரண்டாம் கட்ட கொண்டோலாவில் (கம்பிவடத்தில் போகும் கூண்டு வண்டி) ஏறி இறங்குமளவு தேறிவிட்டேன். வாடகைக்குக் கிடைப்பது சரியில்லை. சொந்தமாக வாங்கினால் உங்கள் பத்தியில் வழக்கமாகச் சொல்லும் 88 போதுமா? எடை 74 கிலோ, உயரம் 176.
— வாசகர், தேனி

பதில்: போதாது. குல்மார்க் டென்வர் பக்கத்து மலைகளைப் போன்றதில்லை. சமன்செய்த பாதை அங்கே குறைவு, அதுவும் கீழ்ப்பகுதியில்தான். 2,650 மீட்டர் உயரத்திலிருக்கும் குல்மார்க்கிலிருந்து கொண்டோலாவின் முதல் கட்டம் சுமார் 3,080 மீட்டரில் கோங்தூரிக்குப் போகிறது. இரண்டாம் கட்டம் அங்கிருந்து அபர்வத் முகட்டருகே, ஏறத்தாழ 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து இறங்குவது முழுக்க இயற்கையாகக் கிடக்கும் பனி. மேலே மரமே இல்லாத அகன்ற சரிவுகள், கீழே வந்தால் மரங்கள். பனி விழுந்த மறுநாள் முழங்கால் ஆழம் இருக்கலாம். நாலைந்து நாள் வெயிலும் காற்றும் அடித்தால் அதே சரிவில் மேலே ஓடு கட்டி, மிதித்தால் உடைந்து கால் உள்ளே போகும். இந்த உடையும் ஓடுதான் ஸ்கீயில் மிகக் கடினமான பனி. குறுகிய ஸ்கீ அதில் மாட்டிக்கொள்ளும்.

உங்களுக்கு நடு அகலம் 98 முதல் 106 வரை. முன்முனையில் நல்ல ராக்கர், பின்முனையில் கொஞ்சம் ராக்கர், காலடியில் கேம்பர். நீளம் 178 முதல் 182. முழு நீளத்துக்கும் ராக்கர் வைத்த ஸ்கீ வேண்டாம். கோங்தூரிக்குக் கீழே காலையில் இறுகிக் கிடக்கும் பாதையில் இறங்கும்போது காலடி கேம்பர்தான் பிடிக்கும். உலோகத் தகடு முழுதாக வேண்டியதில்லை, காலடியில் மட்டும் துண்டுத் தகடு வைத்தவை நடுத்தரமான தீர்வு. அபர்வத்தில் பனி குறைந்த ஆண்டுகளில் பாறை தலைகாட்டும். அதனால் மிக இலேசாகச் செய்த, மெல்லிய விளிம்பு கொண்ட, மலையேறவும் பயன்படும் டூரிங் ஸ்கீயைத் தவிருங்கள். ஒரு பாறை உரசலில் விளிம்பு பிய்ந்துவிட்டால் அங்கே சரிசெய்வது கஷ்டம்.

பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பிடிதான் பைண்டிங். அதன் பிரேக் அகலத்தை மறந்துவிடுவார்கள். நடு அகலம் 102 என்றால் பிரேக் 105 முதல் 115-க்குள் இருக்க வேண்டும். குறைந்தால் பிரேக் கை ஸ்கீயின் பக்கத்தில் சிக்கிக் கீழே இறங்காது, கழன்ற ஸ்கீ சரிவில் தனியாக ஓடும். 15 மி.மீ.க்கு மேல் கூடினால் சாய்க்கும்போது பிரேக் கை பனியில் உரசும்.

இன்னொன்றைக் கண்டிப்புடன் சொல்கிறோம். இரண்டாம் கட்டத்தில் இறங்குகிறவர் ஸ்கீக்கு முன்னால் வாங்க வேண்டியவை டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் ரேடியோ கருவி), புரோப் கம்பி (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), உலோக மண்வெட்டி. மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் பயன். டிரான்ஸீவர் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும், மூன்று ஆன்டெனா கொண்டதாக இருக்கட்டும். புரோப் 240 செ.மீ.க்குக் குறையக் கூடாது. பனிச்சரிவில் புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று சரிந்துவிடும். வெளியிலிருந்து ஆள் வரும் நேரம் அது இல்லை, கூட வந்தவர்தான் தோண்ட வேண்டும். அதனால் உங்கள் குழுவில் எல்லோரிடமும் இவை இருக்க வேண்டும், எல்லோரும் தேடிப் பழகியிருக்க வேண்டும். கைப்பேசியை டிரான்ஸீவரிலிருந்து குறைந்தது 20 செ.மீ. தள்ளி வையுங்கள், தேடும்போது 50 செ.மீ. பெரும்பனிக்குப் பிறகு ரோந்துக்காரர்கள் மேல்கட்டத்தை மூடினால் அவர்களோடு வாதாடாதீர்கள். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் எல்லைக்கு வெளியே இறங்காதீர்கள்.

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் பிப்ரவரியில் முதல்முறையாகக் குல்மார்க் போகிறோம். எல்லோருக்கும் மலிவாக ஸ்கீ வாங்கிக்கொண்டு போகலாமா, அங்கேயே எடுக்கலாமா?
— வாசகர், கே.கே. நகர், மதுரை

பதில்: வாங்கவே வேண்டாம். ஆரம்பத்தில் உங்களுக்கு வேண்டியது மென்மையான, தாடை முதல் மூக்கு வரை உயரமுள்ள, 75–80 மி.மீ. அகல ஸ்கீ. ஒரு வாரம் ஒழுங்காகப் பழகினாலே அதைத் தாண்டிவிடுவீர்கள். அந்தப் பணத்தைப் பயிற்சிக்குப் போடுங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் வரும் இந்திய ஸ்கீ மற்றும் மலையேற்ற நிறுவனம் குல்மார்க்கிலேயே வகுப்பு நடத்துகிறது. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்பதிவு செய்யுங்கள்.

வாடகை ஸ்கீயைக் கையில் வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். விளிம்பில் நகத்தின் பின்பக்கத்தை வைத்து இழுங்கள். மெல்லிய பொடியாக நகம் சுரண்டினால் கூர் இருக்கிறது, வழுக்கினால் மழுங்கிவிட்டது. முன்முனையிலும் பின்முனையிலும் மேல் தகடு அடிப்பாகத்திலிருந்து பிரிந்திருக்கிறதா பாருங்கள். அடிப்பாகத்தில் மரம் தெரியுமளவு பள்ளம் இருந்தால் வேறு கேளுங்கள், தண்ணீர் உள்ளே போய் ஊறியிருக்கும்.

பைண்டிங்தான் முக்கியம். முன்பக்கமும் குதிகால் பக்கமும் ஒரு சிறிய சாளரத்தில் எண் தெரியும். விழும்போது எவ்வளவு விசையில் பூட் கழல வேண்டும் என்பதுதான் அது. கடைக்காரர் உங்களிடம் எடை, உயரம், வயது, ஸ்கீ ஓட்டும் விதம் நான்கையும் கேட்டு, பூட்டின் அடிநீளத்தைப் பார்த்து, அட்டவணைப்படி வைக்க வேண்டும். முதல்முறை போகிறவர்களுக்குப் பெரும்பாலும் 3-க்கும் 5-க்கும் இடையில் வரும். எடைக்கு ஒரு வரிசை, உயரத்துக்கு ஒரு வரிசை என்று வந்தால் குறைவானதை எடுப்பார்கள். ஐம்பது தாண்டியவருக்கு இன்னும் ஒரு படி குறையும். எதையும் கேட்காமல் எல்லோருக்கும் ஒரே எண்ணில் தருகிற கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். எண் கூடினால் விழும்போது கழலாது, முழங்கால் தசைநார்தான் கிழியும். குறைந்தால் நடுவழியில் கழன்று விழுவீர்கள். நீங்களாகத் திருப்புளி எடுத்துத் திருக வேண்டாம். எண் சரியாக இருந்தாலும் குதிகால் பகுதி பூட்டை முன்னால் தள்ளும் அழுத்தம் தவறாக இருந்தால் கழல்வதும் தவறும். பூட்டை மாட்டிய பிறகு அந்தக் குறியையும் பார்க்கச் சொல்லுங்கள். பூட்டின் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். மாட்டும்போது சத்தம் தெளிவாக ஒரே தடவை கேட்க வேண்டும்.

கேள்வி: வாடகை பூட் போட்டால் ஒரு மணி நேரத்தில் பாதத்தின் இருபக்கமும் உயிர் போகிறது. ஒரு அளவு பெரிதாகப் போட்டால் வலி இல்லை, ஆனால் ஸ்கீ சொன்னபடி திரும்புவதில்லை. எனக்கு அகலமான பாதம். என்ன செய்ய?
— வாசகர், மேலூர்

பதில்: செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த பாதம் விரல்பக்கம் அகன்றிருப்பது நம் ஊரில் சாதாரணம். அதற்கு நீளத்தைக் கூட்டுவது மருந்தாகாது. நீளம் கூடினால் குதிகால் தூக்கும். குதிகால் தூக்கினால் நீங்கள் சாய்ப்பது ஸ்கீக்குப் போய்ச் சேராது, பூட்டுக்குள்ளேயே கரைந்துவிடும்.

சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, எடையைக் காலில் போட்டு, மிக நீண்ட விரல் வரை அளந்துகொள்ளுங்கள். செ.மீ.யில் வரும் அந்த எண்தான் பூட் அளவு. 26.3 வந்தால் 26.5. வெளிக்கூடு முழு எண்ணுக்கு ஒன்றுதான். 26-க்கும் 26.5-க்கும் கூடு ஒன்றே, பெரும்பாலும் உள்ளே இருக்கும் மெத்தை அல்லது அடித்தட்டில்தான் மாற்றம். அடுத்தது அகலம், லாஸ்ட் என்பார்கள். 98 குறுகல், 100 நடுத்தரம், 102-க்கு மேல் அகலம். உங்களுக்கு 102 அல்லது 103 என்று கேளுங்கள். ஃப்ளெக்ஸ் என்ற கடினத்தன்மை 80 முதல் 100 வரை போதும்.

சோதிப்பது இப்படி. உள்மெத்தையை உருவிவிட்டு வெறும் கூட்டுக்குள் காலை விடுங்கள். விரல் நுனி முன்னால் இலேசாகத் தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இரண்டரை இருந்தால் பெரிது. பிறகு மெத்தையைப் போட்டு, ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறையோடு மாட்டுங்கள். நிமிர்ந்து நின்றால் விரல் முன்னே தொடும், முழங்காலை மடக்கினால் விலகும். அதுதான் சரியான அளவு. குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை போடுவது வழக்கமாக நடக்கும் தவறு. ரத்த ஓட்டம் நெருக்கப்பட்டு விரல் அதிகமாகத்தான் விறைக்கும். பக்கவாட்டில் ஒரே புள்ளியில் மட்டும் வலித்தால், பூட் ஃபிட்டர் அந்த இடத்தில் கூட்டைச் சூடாக்கி வெளியே தள்ளித் தருவார். அது ஊர் திரும்பிய பிறகு செய்ய முடியாத வேலை, வாங்கும் கடையிலேயே முடித்துவிடுங்கள்.

பூட்டின் அடிப்பாகம் நடக்க வசதியாக வளைத்த கிரிப்வாக் வகை என்றால் பைண்டிங்கிலும் அதே பெயர் பொறித்திருக்க வேண்டும். பழைய பைண்டிங் அதை ஏற்காது.

கேள்வி: பெண்களுக்கென்று தனி ஸ்கீ உண்மையிலேயே தேவையா? பிளாக் பேர்ல் 88 என்று ஒன்றைச் சொல்கிறார்கள்.
— வாசகி, திண்டுக்கல்

பதில்: தேவை என்று சட்டமில்லை. பெரும்பாலும் அதே வடிவம்தான். உள்ளே இலேசான மரம், தகடு குறைவு, குட்டையான நீளங்களும் கிடைக்கும். ஐம்பது, அறுபது கிலோ எடையுள்ளவர் எவருக்கும் அது நல்லதே, ஆணாக இருந்தாலும். பிளாக் பேர்ல் 88 நல்ல தேர்வு. எடையும் திறமையும் கூடியவர் பொது வரிசையிலிருந்தே எடுக்கலாம்.

கேள்வி: மியூனிக்கிலிருந்து நிரந்தரமாக ஊர் திரும்பிவிட்டோம். ஸ்கீ, பூட் எல்லாம் பரணில் கிடக்கின்றன. விளிம்பெல்லாம் துரு. மதுரை வெயிலில் கெட்டுவிடுமா?
— வாசகர், அண்ணா நகர், மதுரை

பதில்: வெயில் மட்டுமல்ல, ஐப்பசி, கார்த்திகை ஈரமும்தான் கெடுக்கிறது. முதலில் பையிலிருந்து வெளியே எடுங்கள். ஈரத்தோடு மூடிய பைக்குள் வைத்ததுதான் துருவுக்குப் பெரும்பாலும் காரணம்.

மேல்துருவை 400 நம்பர் உப்புத்தாளால், விளிம்பின் நீளவாக்கில் மட்டும், இலேசாகத் தேய்த்து எடுங்கள். குறுக்கே தேய்த்தால் கூர் போகும். பள்ளம் விழுந்த துரு என்றால் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அங்கே வழக்கமாக அடிப்பக்கம் 1 பாகை, பக்கவாட்டில் 2 பாகை வைத்துத் தீட்டுவார்கள்.

பிறகு மெழுகு. ஸ்கீக்கான ஹைட்ரோகார்பன் மெழுகு, எல்லா வெப்பநிலைக்குமான வகை. இணையத்தில் வாங்கலாம். துணிக்குப் பயன்படுத்தாத பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். நைலான் அல்லது பட்டு குறியில், 120 பாகை செல்சியஸ் அளவில் வையுங்கள். மெழுகு புகைந்தால் சூடு அதிகம், உடனே குறையுங்கள். கட்டியைப் பெட்டியில் தொட்டு, அடிப்பாகத்தில் சொட்டுச் சொட்டாக இரண்டு வரிசை விட்டு, முனையிலிருந்து கடைசி வரை நிற்காமல் இழுங்கள். ஒரே இடத்தில் பெட்டி நின்றால் அடிப்பாகத்தின் பாலிஎதிலீன் கருகி மூடிக்கொள்ளும், பிறகு மெழுகு ஏறாது. மறுபக்கம் கையை வைத்தால் வெதுவெதுப்பு தெரிய வேண்டும், சுடக் கூடாது. மெழுகு எஃகு விளிம்பின் மேலும் வழிந்து மூடட்டும், துருவைத் தடுப்பது அதுதான். சுரண்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள், அடுத்த பயணத்துக்கு முந்தின நாள் சுரண்டிக்கொள்ளலாம்.

பரண் வேண்டாம். சித்திரை, வைகாசியில் கான்கிரீட் கூரைக்கு அடியில் இருக்கும் சூடு பூட்டின் பிளாஸ்டிக்குக்கும் உள்மெத்தைக்கும் ஆகாது. மூடிய காரில் விடுவது அதைவிட மோசம். தரைத்தளத்தில் உள்சுவர் ஓரமாக, கட்டிலுக்கு அடியில் படுக்கவைக்கலாம். இரண்டு ஸ்கீயையும் நடுவில் இறுக்கி வரிந்து கட்டாதீர்கள், கேம்பர் தளர்ந்துவிடும். முனைகளில் மட்டும் தளர்வான பட்டை போதும். பூட்டின் உள்மெத்தையை உருவி மின்விசிறிக் காற்றில் காயவைத்து, திரும்பப் போட்டு, கொக்கிகளைத் தளர்வாக மாட்டி வையுங்கள். மாட்டாமல் வைத்தால் கூடு விரிந்தபடியே நின்றுவிடும்.

கேள்வி: ஸ்கீ பையை மதுரையிலிருந்து விமானத்தில் கொண்டுபோக முடியுமா?
— வாசகி, ஒத்தக்கடை

பதில்: முடியும், ஆனால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மதுரை–சென்னை தடத்தில் சிறிய டர்போபிராப் விமானங்களும் ஓடுகின்றன. 185 செ.மீ. பை அவற்றின் சரக்கறையில் இடம் பிடிக்குமா என்பதை விமான நிறுவனம்தான் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் ரயிலில் சென்னை போய், அங்கிருந்து பெரிய விமானத்தில் போவது நிம்மதி. பூட்டை மட்டும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கீ வராமல் போனால் வாடகைக்கு எடுக்கலாம், காலுக்குப் பொருந்திய பூட்டை எங்கும் எடுக்க முடியாது.

கேள்வி: போவதற்கு முன் என்ன பயிற்சி செய்யலாம்? தினமும் சமணர் மலைப் படியேறுகிறேன்.
— வாசகர், கீழக்குயில்குடி

பதில்: ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள். ஸ்கீயில் தொடை சுருங்கி வேலை செய்வதைவிட, நீண்டுகொண்டே தாங்குவதுதான் அதிகம். படியிறங்கும்போதும் அதுவேதான் நடக்கிறது. கைப்பிடியைப் பிடிக்காமல், ஒவ்வொரு படிக்கும் இரண்டு விநாடி எடுத்து, முழங்கால் உள்ளே மடங்காமல் கால்விரலின் நேராகப் போகும்படி இறங்குங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் அமர்வதுபோல் ஒரு நிமிடம் நிற்பதை மூன்று முறை சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் போதும்.

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் அண்ணன் பழைய ஸ்கீ ஒன்று பைண்டிங்கோடு மலிவாக வருகிறது என்கிறார். வாங்கலாமா?
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: நாலு விஷயங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு ஸ்கீயையும் அடியோடு அடி சேர்த்துப் பிடித்தால் நடுவில் ஒரே சீரான இடைவெளி தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இடைவெளி இருந்தால் முறுகிவிட்டது. எஃகு விளிம்பு நடுவில் எவ்வளவு தடிமன் மீதி இருக்கிறது என்று பாருங்கள். பலமுறை தீட்டியதில் நூலாக மெலிந்திருந்தால் விட்டுவிடுங்கள். பைண்டிங்குக்குப் பக்கத்தில் அடைத்த பழைய துளைகள் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டு முறைக்கு மேல் துளைத்திருந்தால் திருகு பிடிக்கும் இடம் பலவீனம். உங்கள் பூட்டின் அடிநீளம் அதன் குதிகால் பக்கத்தில் மி.மீ.யில் பொறித்திருக்கும். தண்டவாளத்தில் நகரும் பைண்டிங் என்றால் அதற்கேற்ப மாற்றலாம். திருகி இறுக்கிய வகை என்றால் சில மி.மீ. தான் நகரும், மறுபடி துளைக்க வேண்டிவரும்.

கடைசியாகப் பைண்டிங்கின் மாடல் பெயர். எந்தெந்த மாடலைக் கடைகள் சரிசெய்து தரலாம் என்று தயாரிப்பாளர்கள் ஒவ்வோர் ஆண்டும் பட்டியல் விடுகிறார்கள். அதிலிருந்து நீக்கப்பட்ட பைண்டிங்கைப் பொறுப்பான எந்தக் கடையும் தொடாது. அண்ணன் பணம் கொடுப்பதற்கு முன் அங்கே ஏதாவது ஒரு ஸ்கீ கடைக்குள் போய், மாடல் பெயரைச் சொல்லி, இது இன்னும் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிடட்டும்.